கீரியைப் படம் பிடிக்க: ஓடும் சிறு விலங்குகளை எடுக்கப் பழகுவோருக்கு

யானையையும் புலியையும் எடுக்க லென்ஸ் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். பட்டப்பகலில் ஊர்க் கண்மாய்க் கரையில் திரிகிற கீரிப்பிள்ளையை நன்றாக எடுத்தவர்கள் குறைவு. வேலிக்குள்ளிருந்து இறங்கி, வண்டிப்பாதையைக் கடந்து, எதிர்ப்புதரில் நுழைய அதற்கு இரண்டு மூன்று நொடி போதும். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோவதற்குள் புல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

இதற்குத் தீர்வு வேகமான கேமரா என்று பலரும் நம்புகிறார்கள். விலங்கு எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்து அங்கே காத்திருப்பதுதான் தீர்வு என்பது என் அனுபவம். கீரி ஓடுகிற நேரத்தைவிட நின்று பார்க்கிற நேரம் அதிகம். அந்த நிற்கிற இடத்தைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் அணில், முயல், மலையணில் எல்லாவற்றுக்கும் அதே முறை கைகொடுக்கும்.

எங்கே தொடங்குவது

முதல் பயணத்தையே முதுமலைக்கோ டாப்ஸ்லிப்புக்கோ போடாதீர்கள். புலிகள் காப்பகத்தில் உலா வண்டியைவிட்டு இறங்க முடியாது. வண்டி எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. வண்டியின் உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் சிறிய விலங்கு இன்னும் சிறுத்துத் தெரியும். ஊர்ப்புறத்தில் இந்தத் தடை எதுவும் கிடையாது. கண்மாய்க் கரை, ஓடை ஓரம், சீமைக்கருவேலம் மண்டிய புறம்போக்கு, பனங்காடு, தோட்டத்து வேலி என்று சாம்பல் கீரிக்கு எல்லாமே வீடுதான். சென்னையில் இருப்பவர்களுக்கு, கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய மரங்கள் அடர்ந்த கல்வி வளாகங்களிலும் கீரி பகலில் நடமாடுவதுண்டு. தனியார் தோட்டமானால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் அவரே, “கிணத்து மேட்டுப் பக்கம் தினம் காலையில வரும்” என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு தகவல் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எந்தக் கீரி என்பதை வாலைப் பார்த்தே சொல்லலாம். ஊர்ப்புறத்துச் சாம்பல் கீரியின் வால் நுனி உடம்பின் நிறத்திலேயோ சற்று வெளிறியோ இருக்கும். வால் நுனி கறுத்து மேல்நோக்கி வளைந்திருந்தால் அது வறண்ட காடுகளில் வாழும் செம்பழுப்புக் கீரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான பகுதிகளில், வால்பாறைப் பக்கம், கழுத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டை ஓடுகிற ஒரு கீரியைக் காணலாம். ஆசியாவிலேயே பெரிய கீரி அதுதான். துருச் சிவப்பு உடம்போடு காலை வெளிச்சத்தில் அது நிற்கும் அழகைப் பார்த்தவர்களுக்கு மற்ற விலங்கெல்லாம் சற்று நேரம் மறந்துபோகும்.

முதல் சில வாரம் அணிலோடு

கீரிக்குப் போவதற்கு முன் வீட்டு வாசலில் பழகிக்கொள்ளுங்கள். முதுகில் மூன்று கோடு போட்ட நம் ஊர் அணில் இதற்கு மிகச் சிறந்த ஆசிரியர். ஓடும், சட்டென்று உறையும், மறுபடி ஓடும். மரத்தில் தலைகீழாக இறங்கும்போது தரைக்குச் சற்று மேலே நின்று, கழுத்தை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்கும். அது கத்தும்போது ஒவ்வொரு குரலுக்கும் வால் துள்ளும்.

இங்கே பழக வேண்டியவை இரண்டு. முதலாவது, விலங்கை வியூஃபைண்டருக்குள், அதாவது கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் சட்டத்துக்குள், கொண்டுவருவது. நீண்ட லென்ஸில் இதுதான் புதியவர்களைப் படுத்தும். இரண்டு கண்ணையும் திறந்தே வையுங்கள். பார்வையை விலங்கின்மேல் வைத்தபடி கேமராவைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். பார்வையை இறக்கிக் கேமராவைத் தேடினால் விலங்கு தொலைந்துவிடும். ஜூம் லென்ஸ் என்றால் அகலத்தில் பிடித்து, உள்ளே வந்தபின் நெருங்குங்கள். இரண்டாவது, நிற்கப்போகும் நொடியை முன்கூட்டி உணர்வது. படம் எடுக்காமலே சும்மா உட்கார்ந்து, “இப்போது நிற்கும்” என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். உங்கள் கணிப்பு பெரும்பாலும் சரியாக வரத் தொடங்கும்போது கண்மாய்க்குப் போகலாம்.

கேமராவும் கொஞ்சம் கணக்கும்

300 மி.மீ. வரை போகும் சாதாரண ஜூம் லென்ஸோடு தொடங்கலாம். 400 மி.மீ. இருந்தால் வசதி. அதைவிடப் பெரிய லென்ஸுக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

தூரத்தைப் பற்றி ஒரு கணக்கு. கீரியின் உடம்பு ஏறக்குறைய ஒரு முழம், வால் இன்னொரு முழம். ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் உள்ள கேமராவில் 400 மி.மீ. லென்ஸை வைத்து 10 மீட்டர் தொலைவில் பார்த்தால் படத்தின் அகலத்துக்குள் அடங்குவது 60 செ.மீ. மட்டும். கீரி பக்கவாட்டில் வந்தால் தலையோ வாலோ வெட்டுப்படும். அதே லென்ஸ் 20 மீட்டரில் 1.2 மீட்டர் அகலத்தைக் காட்டும். கீரியும் அடங்கும், சுற்றிலும் கொஞ்சம் புல்லும் வரும். இன்னொரு லாபமும் உண்டு: அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துவார அளவு, எஃப் 5.6-இல் இருந்தால் 10 மீட்டரில் கூர்மையாகத் தெரியும் ஆழம் 14 செ.மீ. அளவுதான், ஒரு சாண்கூட இல்லை. 20 மீட்டரில் அது அரை மீட்டரைத் தாண்டிவிடும். நெருங்க நெருங்க நல்ல படம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 15 முதல் 20 மீட்டர் நமக்கும் நல்லது, கீரிக்கும் பதற்றம் இருக்காது.

அடுத்து ஷட்டர் வேகம். கீரி நொடிக்கு 5 மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 1/1000 நொடியில் அது 5 மி.மீ. நகர்ந்துவிடும். 24 மெகாபிக்சல் கேமராவில், மேலே சொன்ன 20 மீட்டர் தொலைவில், அந்த 5 மி.மீ. என்பது ஏறக்குறைய 25 பிக்சல். முகத்து மயிர் எல்லாம் கலங்கிப்போக இதுவே போதும். 1/2000 வைத்தாலும் பாதிதான் குறையும். கேமராவை அசைக்காமல் பிடித்துக்கொண்டு ஓடுகிற விலங்கைக் கூர்மையாக எடுக்க எந்த அமைப்பும் முழுமையாக உதவாது என்பது இதிலிருந்து தெரியும். ஓடும்போது எடுக்க விரும்பினால் கேமராவும் அதே வேகத்தில் கூடவே திரும்ப வேண்டும். நிற்கும்போது எடுத்தால் 1/640 கூடப் போதும்.

என் வழக்கமான அமைப்பு: மேனுவல் முறையில் ஷட்டர் 1/1600, அபெர்ச்சர் எஃப் 5.6 அல்லது 6.3, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) தானியங்கி, உச்ச வரம்பு 6400. ஐஎஸ்ஓ ஏறினால் வரும் புள்ளிகளைக் கணினியில் குறைத்துக்கொள்ளலாம், கலங்கிய படத்துக்கு மருந்தே கிடையாது. கீரியின் ஒவ்வொரு மயிரிலும் வெளிர், அடர் வளையங்கள் மாறி மாறி இருப்பதால் உடம்பு மொத்தத்தில் நடுச் சாம்பலாகத் தெரியும். வெளிச்ச அளவீடு அதில் அதிகம் தடுமாறாது.

ஃபோகஸை, நகரும் விலங்கை விடாமல் பின்பற்றும் தொடர் முறைக்கு மாற்றுங்கள். ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பொத்தானிலிருந்து எடுத்து, கட்டைவிரல் படும் பின்பொத்தானுக்குக் கொடுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடிய அமைப்புகளிலேயே மிகவும் பயனுள்ளது இதுதான். கீரி வரப்போகும் இடத்தில் ஒரு கல்லிலோ வேலிக்காலிலோ முன்கூட்டி ஃபோகஸ் செய்துவிட்டுக் கட்டைவிரலை எடுத்துவிடலாம். அது தலை நீட்டும்போது ஷட்டரை அழுத்தினால் கேமரா புல்லைத் தேடி அலையாது. புதிய கேமராக்களின் விலங்குக் கண் கண்டறிதல் திறந்த வெளியில் அருமையாக வேலை செய்யும், புல் நடுவே அடிக்கடி ஏமாறும். அங்கே ஒற்றைப் புள்ளியை நம்புங்கள்.

மிரர்லெஸ் கேமராவில் மௌன ஷட்டர் இருந்தால் கீரிக்குச் சத்தம் கேட்காது என்பது பெரிய வசதி. ஆனால் பல கேமராக்களில் அந்த முறையில் வேகமாக ஓடும் விலங்கின் கால் சாய்ந்து வளைந்து பதியும். நிற்கும்போது மௌன ஷட்டர், ஓடும்போது இயந்திர ஷட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தடம் பார்ப்பது

கேமராவை வீட்டில் வைத்துவிட்டு இடத்தை மட்டும் பார்க்கப் போங்கள். கீரி வேட்டைக்குத் திறந்தவெளியில் அலைவதைவிட ஓரங்களைப் பிடித்துப் போவதை விரும்பும். வேலி ஓரம், வரப்பு ஓரம், கண்மாய்க் கரையின் அடிவாரம். ஒரு மறைவிலிருந்து இன்னொரு மறைவுக்குத் தாண்ட வேண்டிய இடம் எங்கே என்று பாருங்கள். வேலியில் அடிப்பகுதி முள் விலகிய சந்து, பாதைக்குக் குறுக்கே போகும் குழாய்ப்பாலம், பழைய கரையான் புற்று, சரிந்த கிணற்றுச் சுவர் இவையெல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்.

புழுதி இருந்தால் தடம் சொல்லிவிடும். பூனைத் தடத்தில் நான்கு விரல் மட்டும் பதியும், நகம் தெரியாது. கீரித் தடத்தில் நகக்கீறல் தெளிவாக இருக்கும், விரல் ஐந்து. ஐந்தாவது விரல் சில நேரம் பதியாமல் போகும். ஒரே சந்தில் புதிய தடமும் பழைய தடமும் மேலே மேலே கிடந்தால் உங்கள் இடம் கிடைத்துவிட்டது. முந்தின மாலை அந்தப் புழுதியைக் கையால் சமன்செய்துவிட்டு வந்தால் மறுநாள் எந்தத் திசையில் போயிருக்கிறது என்பதும் தெரியும்.

இப்போது உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காலைச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். காற்று சந்தின் பக்கமிருந்து உங்கள் முகத்துக்கு வர வேண்டும், ஏனென்றால் கீரியின் மூக்கு கூர்மையானது. ஒரு பிடி புழுதியைத் தூவினால் காற்றின் திசை தெரியும். படத்தில் சந்துக்குப் பின்னால் என்ன தெரியும் என்பதையும் பாருங்கள். பின்னணி பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருந்தால் பச்சையாகக் கரைந்து கீரி தனித்துத் தெரியும். பிளாஸ்டிக் பை தொங்கும் முள்மரம் பின்னால் இருந்தால் இரண்டடி நகர்ந்து உட்காருங்கள்.

சூரியன் கிளம்பி வெயில் தரையில் விழத் தொடங்கியதிலிருந்து ஒன்பது மணி வரை நல்ல நேரம். மாலை நான்குக்கு மேல் இன்னொரு வாய்ப்பு. அதற்கு இடையில் வெளிச்சம் கடுமையாக இருப்பது மட்டும் பிரச்சினை அல்ல. தார்ச்சாலைக்கும் வறண்ட கண்மாய்த் தரைக்கும் மேலே கானல் ஆடும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத அந்த ஆட்டம் நீண்ட லென்ஸில் படத்தையே குழைத்துவிடும். லென்ஸ் பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அதே காட்சியைக் காலை ஏழு மணிக்கு எடுத்து ஒப்பிட்டால் உண்மை விளங்கும்.

பருவமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு புல் இடுப்பளவு நிற்கும், கீரி அதற்குள் மூழ்கிவிடும். தை, மாசியில் புல் காய்ந்து மடங்கும்போது பார்வை திறக்கும். கோடையில் கண்மாயில் மிஞ்சிய ஒரே குட்டையின் ஓரம் எல்லா விலங்கையும் இழுக்கும். அங்கே காத்திருப்பதானால் குட்டையிலிருந்து மிகவும் தள்ளி உட்காருங்கள். தாகத்தோடு வரும் உயிரை நம் ஆசைக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது.

பறவைகளைக் கேளுங்கள்

கீரியை முதலில் பார்ப்பது நாம் அல்ல. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரே புதரைச் சுற்றிக் கூச்சலிட்டால், மைனாக்கள் தரையைப் பார்த்துக் கரகரத்தால், கரிச்சான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாய்ந்தால், அங்கே கீரியோ பூனையோ பாம்போ இருக்கிறது. கூச்சல் ஓர் இடத்திலேயே நின்றால் பாம்பாக இருக்கலாம். வேலி ஓரமாகவே நகர்ந்து வந்தால் கீரியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கூச்சல் உங்கள் வேலிச் சந்துப் பக்கம் வரும்போது கேமராவைக் கண்ணில் வைத்துத் தயாராகிவிடலாம். ஆட்காட்டிக் குருவி மட்டும் உங்களைப் பார்த்தும் கத்தும். அது அடங்கும்வரை அசையாமல் இருங்கள்.

எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். காது பழகிய பிறகு ஒரு கண்மாய்க் கரை முழுவதும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிய ஆரம்பிக்கும். படம் கிடைக்காத காலைப்பொழுதும் வீணாகாது.

தரையில் படுக்கும் முன்

விலங்கின் கண் மட்டத்தில் லென்ஸ் இருந்தால்தான் சிறு விலங்குப் படத்துக்கு உயிர் வரும். கீரிக்கு அது தரையிலிருந்து ஒரு சாண் உயரம். ட்ரைபாட் தேவையில்லை. அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பையைத் தரையில் போட்டு லென்ஸை அதன்மேல் வைத்தால் அசையாது, எளிதாகத் திரும்பவும் செய்யும்.

ஆனால் நம் புதர்க்காட்டில் யோசிக்காமல் படுக்கக் கூடாது. சுருட்டைவிரியனும் கண்ணாடிவிரியனும் இதே நிலத்தில் வாழ்கின்றன. படுக்கப்போகும் இடத்தையும் சுற்றியுள்ள புல்லையும் நீண்ட குச்சியால் தட்டிப் பாருங்கள். குவிந்த கல், விறகு, எலி வளை பக்கத்தில் வேண்டாம். கணுக்கால் மூடிய காலணி கட்டாயம், சீமைக்கருவேல முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்துவிடும். தடித்த விரிப்பு ஒன்றைக் கொண்டுபோங்கள். புல்லில் இருக்கும் நுண்ணிய உண்ணிகளால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் பரவுவதுண்டு. எனவே முழுக்கைச் சட்டை போட்டு, வீடு திரும்பியதும் குளித்து, உடையைத் துவைத்துவிடுங்கள். சில நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் புல்லில் படுத்திருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எங்கே போகிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்குத் தெரிவித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

உடை மண் நிறமாக இருக்கட்டும். வாசனைத் திரவியம் பூச வேண்டாம். செல்பேசியை ஒலியின்றி வையுங்கள்.

வந்துவிட்டது, இனி?

கீரி சந்திலிருந்து நேராக வெளியே பாயாது. முதலில் மூக்கு, பிறகு தலை. அந்தத் தலை நீட்டலில் இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டு விரலை எடுங்கள். நீளமாகத் தொடர்ந்து அடித்தால் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, நல்ல தருணம் வரும்போது கேமரா திணறும். மெமரி கார்டு மெதுவானதென்றால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

அடுத்து அது பாதையைக் கடக்கும். ஓட்டத்தை எடுக்க இதுதான் வாய்ப்பு. இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, அதன் தலையை வியூஃபைண்டரின் ஒரே இடத்தில் நிறுத்தியபடி தொடருங்கள். அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். கொஞ்சம் துணிவு வந்தபின் ஷட்டரை 1/60-க்கு இறக்கி இதையே செய்து பார்க்கலாம். பின்னணி கோடுகளாக ஓட, முகம் மட்டும் தெளிவாக வரும். பெரும்பாலான படங்கள் வீணாகும், ஒன்று அமைந்தால் அந்த வேகம் அப்படியே அதில் இருக்கும்.

பின்னங்காலில் எழுந்து நின்று சுற்றிலும் பார்ப்பதை எல்லாரும் எடுக்க விரும்புவார்கள். புல் சற்று உயரமாக உள்ள இடத்திலும், ஏதோ சந்தேகம் வந்தபோதும் அது அப்படி நிற்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்ப நேரம் இருக்காது. அகலவாக்கிலேயே எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்க வேண்டும். செம்பழுப்பு விழியும் அதில் கிடைமட்டமான பாவையும் தெளிவாகத் தெரிந்தால் மற்றக் குறையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

அது உங்களைப் பார்த்துவிட்டால் அசையாதீர்கள், பின்தொடரவும் வேண்டாம். துரத்தப்பட்ட கீரி அந்தச் சந்துப் பக்கமே வராமல் வேறு வழி பிடித்துவிடும். விட்டுவிட்டால் அதே தடத்தில் திரும்ப வரும்.

மலைக்குப் போகும்போது

இந்தப் பழக்கத்தோடு மேற்கு மலைக்குப் போனால் கண் வேறுமாதிரி வேலை செய்யும். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-இல் சாம்பல் நிற அணிலுக்கென்றே சரணாலயம் அமைத்தார்கள். 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. இந்த அணில் தரைக்கு அரிதாகவே இறங்கும், மரக்கிளை வழியாகவே தாவிப் போகும். கிளைகள் ஒன்றையொன்று தொடாத இடைவெளிதான் இங்கே உங்கள் ‘வேலிச் சந்து’. தாவுவதற்கு முன் அது நின்று அளவெடுக்கும். கீழிருந்து எடுத்தால் வெளுத்த வானத்தின் முன் அணில் கறுத்துப்போகும், வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). அதைவிட நல்லது, சரிவில் மேலே ஏறி மரத்தின் உச்சி உங்கள் கண் மட்டத்துக்கு வரும் இடத்தை அனுமதிக்கப்பட்ட பாதையிலேயே தேடுவது. நீலகிரியின் உயரத்தில், சோலைகளில் வாழும் மஞ்சள் தொண்டை கொண்ட நீலகிரி மார்ட்டென் என்ற மரமேறும் ஊனுண்ணியைத் தேடிப்போய் எடுப்பதாகத் திட்டமிட வேண்டாம். அது தற்செயலாக எதிர்ப்படும். அந்த நாளுக்குக் கேமரா அமைப்பு தயாராக இருந்தால் போதும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். சாலையோரம் வண்டியை நிறுத்தலாமா என்பதையும் சோதனைச்சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

முட்டையோ கறியோ வைத்துக் கீரியை வரவழைக்காதீர்கள். சாலையோரத்தில் தீனிக்குப் பழகிய விலங்கு சீக்கிரம் சக்கரத்தில் அடிபடும். வளையைத் தோண்டுவது, புகை போடுவது, நாயை ஏவி வெளியே கொண்டுவருவது எல்லாம் கொடுமை. பாம்பையும் கீரியையும் மோதவிட்டு எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள், முடிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கீரியைப் பாதுகாக்கிறது. பிடிப்பதும் குற்றம், அதன் மயிரில் ஓவியத் தூரிகை செய்து விற்பதும் குற்றம். குட்டிகளோடு தாய் நடமாடும் வளையைக் கண்டால் அந்த இடத்தைச் சில வாரம் விட்டுவிடுங்கள். இரவில் நடமாடும் உயிர்களை, குறிப்பாகத் தேவாங்கை, ஃபிளாஷ் போட்டு எடுக்க வேண்டாம். இருட்டுக்காகவே அமைந்த பெரிய கண்கள் அவை.

கடைசியாகப் பகிரும்போது. தூரிகைக்காகக் கீரியையும், கறிக்காக முயலையும் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படத்தோடு பதிவாகும் இடக்குறிப்பைக் கேமராவிலும் செல்பேசியிலும் அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே பதிவாகியிருந்தால் கணினியில் நீக்குங்கள். கண்மாயின் பெயரை எழுதாமல் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னணியில் கோயில் கோபுரமோ காற்றாலையோ தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் போடுங்கள்.